ஆம்னிக்கு ரீகண்டிஷன் இன்ஜின்: மூலக்கடைப் பக்கம் மாற்றிய அனுபவம்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். தேய்ந்துபோன இன்ஜினைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் இன்ஜின், அதாவது தேய்ந்த பாகங்களை மாற்றிச் சரிபண்ணி வைத்த பழைய இன்ஜின், மாட்டலாம். நான் மாட்டியது நன்றாக ஓடுகிறது. ஆனால் "ரெடியா இருக்கு தம்பி, மாட்னா ஓடும்" என்று கடையில் சொல்வதை அப்படியே நம்பிப் பணத்தை எண்ணி வைத்தால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். ரெடியாக இருப்பது இன்ஜின் மட்டும்தான். அதைச் சுற்றி இருக்கிற ரப்பர், ஹோஸ், கிளட்ச், ரேடியேட்டர் எல்லாம் உங்கள் பழைய வண்டியுடையது. எனக்கு ஆன மொத்தச் செலவில் கால் பங்குக்கு மேல் அவற்றுக்குத்தான் போனது.

நான் வியாசர்பாடியில் மைக்செட், சீரியல் லைட் தொழில் செய்கிறேன். வண்டி 2012 மாடல் மாருதி ஆம்னி, பெட்ரோல், டிஎன் 05. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு பாக்ஸ், குழாய் ஸ்பீக்கர், ஆம்ப், ஒயர் சுருள், ஒரு சின்ன ஜெனரேட்டர் என்று ஏற்றுவேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், 35 குதிரைச் சக்தி உள்ள வண்டிக்கு இது அதிகம்தான். ஆனால் எங்கள் சந்துகளில் புகுந்து திரும்பக்கூடிய, சைடு கதவை இழுத்துத் திறந்து பாக்ஸை அப்படியே இறக்கக்கூடிய வேறு வண்டி எனக்குத் தெரிந்து இல்லை. மாருதி 2019-ல் ஆம்னியை நிறுத்திவிட்டது. ஈக்கோ வாங்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. மாதத் தவணை எவ்வளவு என்று பார்த்ததும் பேச்சு நின்றது.

போன வருஷக் கடைசியிலிருந்தே வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப் புகை. பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போடாத நேரமாகப் பார்த்து வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாக எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. நீலம் என்றால் ஆயில். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் அடியில் ஆயில் தேங்கியிருந்தது. வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஓடும்போதே சீட்டைத் தூக்கி, ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை உருவினால் அந்த ஓட்டை வழியாகப் புகை குபுக் குபுக்கென்று அடித்தது. மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்ந்துவிட்டதால், பிஸ்டனைத் தள்ள வேண்டிய அழுத்தம் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கிற பக்கம் இறங்கிவிடுகிறது. பேசின் பிரிட்ஜ் பாலத்தில் லோடோடு ஏற முதல் கியருக்கு வர வேண்டியிருந்தது. பின்னால் எம்டிசி பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார்.

எங்கள் மெக்கானிக் பாய் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர் அழுத்தத்தை (கம்ப்ரஷன்) கேஜ் வைத்துப் பார்த்தார். இரண்டு சிலிண்டர் 120 பிஎஸ்ஐ பக்கம் நின்றன, நடுச் சிலிண்டர் 90-ஐத் தொடவில்லை. அந்த நடுச் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி கிராங்க் செய்தார், அதாவது ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்றவிட்டார். முள் சட்டென்று ஏறியது. ஆயில் விட்டதும் ஏறினால் கோளாறு ரிங் பக்கம், ஏறாவிட்டால் வால்வு பக்கம்.

"ரிங் மட்டும் போட்டு ஓட்டலாமா பாய்?"

"போட்ரலாம்ணே. ஆடி தாண்டாது."

ஆடிதான் எனக்குக் கவலை. ஆடி பிறந்துவிட்டால் வடசென்னையில் கூழ் ஊற்றாத தெரு கிடையாது, மைக்செட்காரனுக்குத் தூக்கம் கிடையாது. அந்த மாதத்தில் வண்டி நின்றால் வருஷம் முழுக்க இடிக்கும். அதனால் என் கணக்கில் விலையைவிட வண்டி எத்தனை நாள் நிற்கும் என்பதுதான் பெரிது.

அதே இன்ஜினை ரீபோர் செய்வதுதான் நியாயமான வேலை என்று பாய் சொன்னார். சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கை லேத்துக்கு அனுப்பி, சிலிண்டரைக் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க் ஷாஃப்ட்டைக் கிரைண்டிங் கொடுத்து, மேலே மூடுகிற ஹெட்டைச் சமமாக ஃபேசிங் பண்ணி... லேத்தில் வரிசை இருந்தால் பத்து நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய இன்ஜின் கிடைக்கும், விலை பாதிதான். அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, எந்த விபத்தில் வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது ஹாஃப் இன்ஜின் கேட்டேன். அதில் பிளாக், கிராங்க், பிஸ்டன் வரும், மேலே வைக்கிற ஹெட் நம்முடைய பழையதுதான். அதையும் சரி பண்ண வேண்டும். மிஞ்சியது எக்ஸ்சேஞ்ச்: நம் பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே வேலை முடித்து வைத்திருக்கும் ஃபுல் இன்ஜினை எடுத்துக்கொள்வது.

கடை மூலக்கடை மேம்பாலம் தாண்டி மாதவரம் போகிற பக்கம். பெயரைப் போடவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன், வாரன்டி வேறு இன்னும் பாக்கி இருக்கிறது.

உள்ளே நுழைந்ததும் ஆம்னி, ஆல்டோ, இண்டிகா இன்ஜின்கள் பலகை மேல் வரிசையாக, எல்லாவற்றுக்கும் வெள்ளிப் பெயின்ட். பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம், அது நூறு ரூபாய் ஸ்பிரே டப்பா. எனக்குப் பிடித்தது வேறு: மூலையில் ஒரு பிளாக்கைத் திறந்தே வைத்திருந்தார்கள். முதலாளி டார்ச் அடித்துச் சிலிண்டர் உள்ளே காட்டினார். சுவர் முழுக்க ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் மெல்லிய சாய்வுக் கோடுகள். கடைந்த சுவரைக் கல்லால் தேய்க்கிற ஹோனிங் வேலையின்போது வேண்டுமென்றே போடுவது அது. அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். புது ரிங் அதில் உரசித்தான் உட்காரும். வழவழவென்று பாலிஷ் ஆகியிருந்தால் ரிங் உட்காராது, புது பிஸ்டன் போட்டும் வண்டி ஆயில் குடிக்கும். எனக்கு வருகிற இன்ஜினும் அதே லேத்தில் கடைந்தது, 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் என்றார். இந்த இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், அரை மில்லி கூட்டிக் கடைந்தால் 69. அடுத்த முறை தேய்ந்தால் கடைய எவ்வளவு சதை மிச்சம் இருக்கிறது என்பதற்காக இந்த எண்ணைக் கேட்டு பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

கம்ப்ரஷன் பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்றேன். முகம் சுளிக்கவில்லை. இரும்பு ஸ்டாண்டில் இன்ஜினை உட்காரவைத்து, பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார் கொடுத்து, பையன் ஒருவன் கேஜைத் திருகினான். முதல் சிலிண்டர் 165. இரண்டாவது அதற்கு ஒரு கோடு கீழே. மூன்றாவது 160. மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் அவ்வளவுதான் இருந்தது. ஒரு சிலிண்டர் 180 காட்டி மற்றொன்று 140 காட்டினால் அந்த இன்ஜின் பக்கமே போகாதீர்கள். ஐடிலில் ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் பிளக்குகளைப் போட்டு, ஸ்பார்க் வராமல் ஒயரைக் கழற்றிவிட்டு, சும்மா கிராங்க் செய்யச் சொன்னேன். கேஜ் பார்த்தாச்சே, எதுக்கு என்று பையன் கேட்டான். எனக்குக் காதால் கேட்டால்தான் திருப்தி. மூன்று சிலிண்டரின் அடியும் ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில் விழுந்தன. என் பழைய இன்ஜினில் இரண்டு கனமாக விழுந்து ஒன்று நழுவும். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது குறைக்கு வருகிறேன். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் புதுசு என்பதுதான் பேச்சு. வாட்டர் பம்ப் புதுசுதான். ஆனால் பெல்ட் கவரைக் கழற்றச் சொன்னால், பெல்ட் முதுகில் எழுத்தே இல்லை. புது பெல்ட் என்றால் பிராண்ட், பார்ட் நம்பர் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று தெரியும். இது முழுக்க அழிந்து, ஓரத்தில் நூல் வேறு பிரிந்திருந்தது. "லைட்டா ஓடின பெல்ட் தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. பெல்ட் அறுந்தால் வால்வுகளைத் திறக்கிற கேம் நின்றுவிடும், நடு ரோட்டில் வண்டியும் நின்றுவிடும். அத்தனை வேலை பார்த்த இன்ஜினில் இதில் போய் மிச்சம் பிடிப்பானேன்? கொஞ்சம் குரலை உயர்த்தியதும் புது பெல்ட் வந்தது. கவரைக் கழற்றச் சொல்லாதவர்களுக்கு எந்த பெல்ட் போகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுகிற வேலையும் அதே கடையில். ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், சீட்டைக் கழற்றி, வண்டி முகத்தைச் செயின் பிளாக்கில் தூக்கி, இன்ஜினைக் கீழ்ப்பக்கமாக இறக்கினார்கள். கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் போகிற எம்பிஎஃப்ஐ வண்டி; திராட்டில் பாடி, இன்ஜெக்டர், சென்சார், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் பழைய இன்ஜினிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்ட வேண்டும். இங்கேதான் செலவு வளர்கிறது. கிளட்ச் பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இன்ஜின் இறங்கியிருக்கும்போதே பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றப் போனால் கியர்பாக்ஸை மறுபடி இறக்குகிற கூலி தனி. மவுன்டிங் ரப்பர் வெடித்துப்போயிருந்தது, அதையும் மாற்றினேன். பசங்க வேலை சுத்தம். ஒவ்வொரு ஒயர் சாக்கெட்டிலும் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் எழுதிக்கொண்டார்கள். ஒயரோடு பிழைக்கிறவன் நான், அதைப் பார்த்ததும் மனசுப் பாரம் இறங்கியது.

முதல் ஸ்டார்ட்டையும் அவசரப்படாமல் செய்தார்கள். பிளக் இல்லாமல் கொஞ்ச நேரம் கிராங்க் செய்து, டாஷ்போர்டில் ஆயில் லைட் அணைந்த பிறகுதான் பிளக் போட்டார்கள். புது பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேராமல் ஓடவிட்டால் முதல் நிமிஷத்திலேயே கீறல் விழும். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பிளாக்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். கீழே கிராங்க் பக்கம் சுத்தம். மேலே வால்வு இடைவெளியை வைக்கிற டேப்பட் மட்டும் கொஞ்சம் சளசளத்தது. அது இருக்கட்டும், முதல் சர்வீஸில் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம் என்றார் ஃபிட்டர். சரிதான், ரொம்ப இறுக்கி வைத்தால் சத்தம் வராது, வால்வுதான் கருகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தருவதாகச் சொன்ன வண்டி சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் கைக்கு வந்தது. அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொண்டு மூலக்கடை சிக்னல் தாண்டி எருக்கஞ்சேரி ஹைரோட்டில் போகிறேன், டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறுகிறது. ஓரங்கட்டி நிறுத்திப் பார்த்தால் ஹோஸ் மூட்டில் கூலன்ட் சொட்டுகிறது. ஆம்னியில் ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் சீட்டுக்கடியில்; நடுவில் ஹோஸும் பைப்புமாக நீளமாக ஓடும். அந்தப் பழைய ரப்பரைத்தான், கிளிப்பைக்கூட மாற்றாமல், மாட்டிவிட்டிருந்தார்கள். ஆம்பை மாற்றிவிட்டு இத்துப்போன ஸ்பீக்கர் ஒயரையே இழுத்துக் கட்டின கதை. புது இன்ஜின் ஒருமுறை சூடேறினால் போதும், ஹெட் கேஸ்கெட் போய்விடும். அதற்கு வாரன்டியும் கிடையாது என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறது. அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டு, தள்ளுவண்டிக்காரப் பையன் வைத்திருந்த பர்மா நூடுல்ஸ் அத்தோவைச் சாப்பிட்டபடி கடைக்குப் போன் போட்டேன். பைக்கில் ஆள் அனுப்பினார்கள், அது வரைக்கும் நல்லது.

"ஹோஸ் எங்க வாரன்டில வராது தம்பி."

"சரி சார். ஹோஸ் போய் இன்ஜின் சூடானா அது யார் கணக்கு?"

கடைசியில் ஹோஸ் செட்டுக்கு நான் பணம் கொடுத்தேன், கூலி அவர்கள் தலையில். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஃபேன் போடும்வரை ஓடவிட்டு, குமிழி அடங்கும்வரை கூலன்ட் ஊற்றினார்கள். உள்ளே காற்று அடைத்து நின்றால் முள் சரியாகக் காட்டாது, இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பழைய ஹோஸைப் பார்த்ததுமே "இது தேறாது, மாத்திடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கப் போவதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக மார்க்கைக் குறைக்கிறேன்.

ஓட்டத்தில் குறையே இல்லை. ஆரம்பத்தில் அதிக லோடு ஏற்றாமல், ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டு போகாமல், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டச் சொன்னார்கள். ரிங் உட்காருவதற்கு அதுதான் வழி; ஒரே இடத்தில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது ஆகாது. அந்தச் சமயத்தில் ஜெனரேட்டரை மட்டும் வாடகை டாட்டா ஏஸில் அனுப்பினேன். 500 கிலோமீட்டரில் ஆயிலை இறக்கிப் பார்த்தபோது மினுமினுவென்று பொடி தெரிந்தது. முதல் ஆயிலில் அது இருக்கத்தான் செய்யும், அதனால்தான் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். டேப்பட்டும் அன்றைக்கே அட்ஜஸ்ட் பண்ணியாச்சு.

ஆடியில் பெரியபாளையம் போனோம். செங்குன்றம், காரனோடை, ஜனப்பன்சத்திரம் கூட்டுரோட்டில் திரும்பி, முழு லோடு, கூட இரண்டு பசங்க. கூட்டுரோட்டுக்கு அப்புறம் நடந்து போகிற கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்துதான் போக முடியும். அந்த வெயிலில், அந்த வேகத்தில் முள் பாதியிலேயே நின்றது. பேசின் பிரிட்ஜ் பாலம் இப்போது இரண்டாவது கியரில் ஏறுகிறது. முன்பு லோடோடு லிட்டருக்கு பதினொன்று கொடுத்த வண்டி இப்போது பதினைந்துக்குப் பக்கம் கொடுக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலேயே நிற்கிறது. புகை சர்டிஃபிகேட்டும் ஒரே தடவையில் பாஸ். ஆனால் பழைய இன்ஜின் எரித்த ஆயில் கரி பிடித்து ஆக்சிஜன் சென்சார் போயிருந்தது, அதை மாற்றிய பிறகுதான் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்தது. அதுவும் கடைக்காரர் சொல்லாத செலவு.

விலை கேட்பீர்கள். பழையதைக் கொடுத்தது போக இன்ஜினுக்கு நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கூலி, கிளட்ச், மவுன்டிங், ஹோஸ், சென்சார், கூலன்ட், ஆயில் என்று மேற்கொண்டு பதினைந்தாயிரம் பக்கம். ரீபோர் பண்ணியிருந்தால் இதில் பாதியோடு போயிருக்கும் என்று பாய் இன்றைக்கும் சொல்கிறார். உண்மைதான். வண்டியை வீட்டு உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள், பத்து நாள் நின்றால் ஒன்றும் குடிமுழுகாது என்பவர்கள் நம்பகமான லேத் பார்த்து ரீபோர் பண்ணிக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பரும் மாறாது.

அந்த நம்பர் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நம்பர் பிளாக்கில்தான் குத்தியிருக்கும். பிளாக் மாறினால் ஆர்சியில் இருக்கிற நம்பர் வேறு, வண்டியில் இருப்பது வேறு. ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்து ஆர்சியில் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு கிளெய்ம் என்று போனால் அங்கேயே நிறுத்துவார்கள். என் வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. 15 வருஷக் காரின் ஆர்சி புதுப்பிக்கிற கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 600-லிருந்து 5,000 ரூபாயாக ஏற்றிவிட்டார்கள். அதையும் கட்டிக்கொண்டு போய் நம்பர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வர என்னால் முடியாது. கடையில் முதலில் கொடுத்த பில்லில் "ஆம்னி இன்ஜின் 1" என்று மட்டும் இருந்தது. பென்சிலால் தேய்த்து நம்பரைப் பேப்பரில் எடுத்து, அந்த நம்பரோடு பில்லை மாற்றி எழுதி வாங்கினேன். நம்பரைக் கிரைண்டரால் தேய்த்த தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள், திருட்டு வண்டி கேஸில் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று: உங்கள் பழைய பிளாக்கும் உங்கள் நம்பரோடு அவர்களிடம் போகிறது. இன்ன நம்பர் இன்ஜினை இன்ன தேதியில் ஒப்படைத்தேன் என்று சீலோடு ஒரு ரசீது வாங்கி வையுங்கள். நான் கேட்டதும் கொடுத்தார்கள், கேட்காமல் கொடுக்கவில்லை.

வாரன்டி ஆறு மாதம் அல்லது 10,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. இன்ஜின் உள்பாகம் மட்டும். இன்ஜினுக்கு ஐந்துக்கு நாலரை, மாட்டிய பசங்களுக்கு நாலு, கடையின் பேச்சுக்கு இரண்டரை. போகிறவர்கள் காலையில் போங்கள். மாலையில் முதலாளி இருக்க மாட்டார், அவர் இல்லாமல் பில் புக்கை யாரும் தொட மாட்டார்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் ஷட்டர் இறங்கியிருக்கும், ஞாயிறு அரை நாள் உண்டு.